என் மகளைக் கேலி செய்த வலைப்பாட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் நடந்தது இது. எங்களுக்குச் சொந்த ஊர் படாளம், நெல் விவசாயம். ஒரு ஓட்டலில் எனக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்ததால் குப்பத்து ஓரமாக வாடகைக்கு வந்தோம்.

மகள் அப்போது நாலாம் வகுப்பு. ஒரே பிள்ளை என்று தெருவில் விளையாடக்கூட விட்டதில்லை. பையை நான் தூக்குவேன், குடையையும் நானே பிடிப்பேன்.

வந்த பத்தாம் நாளே குப்பத்துப் பிள்ளைகள் அவள்மேல் பாட்டுக் கட்டிவிட்டார்கள். கரையில் வலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடுகிற அதே மெட்டு.

"குடைக்குள்ள ராணி வரா, ஐலசா!
வெயில் பட்டா உருகிடுவா, ஐலசா!"

பள்ளிக்கூடத்திலும் இதே பாட்டுதான். அழுது அழுது, கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். பெரியவர்களோடு அந்தப் பிள்ளைகளும் வலைக்கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். "யாரு அந்தப் பாட்டைக் கட்டினது?" என்று கத்தினேன்.

கயிற்றை விடாமலே ஒரு சிறுமி திரும்பினாள். "நான்தான் மாமா, இன்னா இப்போ? எங்க வூட்டாண்ட வந்தா உன் பொண்ணு மூக்கைப் பொத்திக்கினு போவுது. எங்களுக்கு ரோசம் இருக்காதா?"

கருவாடு காயும் இடத்தைத் தாண்டும்போது, 'மூக்கைப் பொத்திக்கோ, அவங்களோட சேராதே' என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், அதே மெட்டில்:

"மூக்கைப் பொத்தச் சொன்னாரு அப்பா, ஐலசா!
பொத்தினது என்னோட தப்பா, ஐலசா!"

கரையே சிரித்துவிட்டது. "மாட்டிக்கினியே அண்ணாத்த!" என்றார் ஒருவர். அந்தச் சிறுமி சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். "வா, நீயும் இழு!" மகள் என்னிடம் கேட்கக்கூட இல்லை, ஓடிவிட்டாள். "ஆமாம்மா, நான்தான் சொன்னேன். தப்புதான்" என்று அந்தச் சிறுமியிடம் சொல்லிவிட்டு, நானும் கடைசி ஆளாகக் கயிற்றைப் பிடித்தேன்.

இழுத்தவர்களுக்கு மீனில் பங்கு கொடுப்பது அங்கே வழக்கம். மகளுக்கும் இரண்டு கை நெத்திலி கிடைத்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். கிண்டல் நின்றுவிடவில்லை, அதற்குப் பிறகு அவளும் வரி சேர்த்துப் பாடினாள், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, பாட்டுப் பாடி ஒருவரை அழவைப்பது தப்புதான். ஆனால் அந்தப் பிள்ளைகளை முதலில் நோகடித்தது நான் சொல்லிக்கொடுத்த ஒரு சொல் என்பதால், இன்றைக்கும் மகளிடம் மற்றவர்களைப் பற்றி ஏதாவது சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் வாயை மூடி யோசிக்கிறேன்.