ஏரிப் பக்கத்துச் சுவர்

"ராசா குடியிருந்த வீட்டைப் படிச்சு என்ன பிள்ளை? நாங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு அது ஏதும் செய்யுமோ?"

அப்பா இதைக் கோபத்தில் சொல்லவில்லை. வாளியில் சீமெந்து குழைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார். பலெர்மோ நகரின் தெற்கே, ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால், நிலத்தோடு ஒட்டிய எங்கள் வீட்டில் அம்மா படுக்கும் அறையின் சுவர் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. வீட்டுக்காரன் கையை விரித்துவிட்டான். அம்மாவுக்கு இரவில் மூச்சு இழுத்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று அந்தச் சுவரை நெஞ்சுயரத்துக்குச் சீமெந்தால் மூடினார்.

அப்பாவும் அம்மாவும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவோடு மன்னாரில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அம்மா வேலைக்குப் போகும் வீட்டு எசமானி, சின்யோரா, உன் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், அம்மா வாய் திறக்கமுன் நானே பதில் சொல்லிவிடுவேன்: கட்டடக்கலை. அரச கோட்டை ஒன்றைப் பற்றி ஆய்வு எழுதுகிறேன்.

அந்தக் கோட்டை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மாரெதோல்ச்சே என்று பெயர். நன்னீர்க் கடல் என்று சொல்லலாம். அரபு அமீர் ஒருவரின் மாளிகையை நோர்மன் அரசன் எடுத்துப் பெருப்பித்தான் என்கிறார்கள். மலையடி ஊற்றை மறித்துப் பெரிய ஏரி ஒன்றைத் தேக்கி, அதற்குள் ஒரு தீவையும் விட்டிருந்தார்கள். கோட்டையின் மூன்று பக்கச் சுவர்கள் தண்ணீரில் நின்றன. நாலாம் பக்கம் மட்டும் தரை, அங்கேதான் வாசல். நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், சிறிய குவிமாடத்தோடு ஒரு சிற்றாலயம். அரசர்கள் போனார்கள். ஊற்று குறைந்தது, ஏரி வற்றியது. ஏரி கிடந்த தாழ்நிலத்தில் தோடை, மந்தாரின் என்று ஆரஞ்சு மரங்களை வைத்தார்கள். பிறகு வீடுகள் வந்தன; எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. கோட்டைக்குள்ளேயே ஏழைக் குடும்பங்கள் குடியேறி, அடுப்பு மூட்டி, தங்களால் முடிந்தபடி சுவரைப் பூசிக்கொண்டு நீண்டகாலம் வாழ்ந்தார்கள். அவர்களை அங்கிருந்து எழுப்பி வெளியேற்றியது அண்மைக் காலத்தில்தான்.

கோட்டையின் கல் மஞ்சள் நிறமானது. கடல்மணல் இறுகிக் கல்லானது. கிட்டப் பார்த்தால் சிப்பித் துண்டுகள் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரும் அதே கல்தான். இந்தக் கல் தண்ணீரைக் குடிக்கும். அரசனின் மேசன்மாருக்கு இது தெரிந்திருந்தது. ஏரியைப் பார்த்த பக்கத்துக்குச் சுண்ணாம்பில் ஓட்டுத்தூள் கலந்து பூசினார்கள். அந்தச் செம்மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிற்காலக் குடிகளின் அறை ஒன்றில் அளவெடுக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே உட்சுவரில் யாரோ சீமெந்து பூசியிருந்தார்கள். பூச்சு இறுகி அப்படியே நின்றது. அதற்கு மேலே இருந்த கல்லோ விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. கீழே வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறியிருக்கிறது. பழைய மேசன்மார் தண்ணீர் வரும் பக்கத்தை அடைத்தார்கள். அப்பா அது வெளியேறும் பக்கத்தை அடைத்துவிட்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சீமெந்து முடிந்த இடத்துக்கு மேலே, அம்மா மாட்டிவைத்துக் கும்பிடும் மாதாவின் படத்தைச் சுற்றிச் சுவர் முத்துமுத்தாக வியர்த்திருந்தது.

சொன்னேன். அப்பா சுவரைத் தட்டிக் காட்டினார். "பார், இரும்பு மாதிரி இருக்கு."

சனிக்கிழமைகளில் பங்குப் பெண்கள் எங்கள் வீட்டில் செபமாலை சொல்ல வருவார்கள். அந்த வாரம் வந்தவர்களில் அம்மாவின் ஊர்க்காரி ஒருவர்தான் ஈரத்தை முதலில் கண்டார்.

"மாதாவுக்கு வேர்க்குது, கண்டியளே?"

பெல்லெக்ரீனோ மலைக்கு அம்மா வெறுங்காலோடு ஏறுகிறவர். அங்கே நகரத்தின் காவல் புனிதையின் குகைக்குள் பாறையிலிருந்து நீர் சொட்டும். அதைத் தகரப் பீலிகள் வழியாக ஓடவிட்டு ஏந்துகிறார்கள். எங்கள் சனத்துக்கு அது தீர்த்தம். ஆகவே அன்று ஒவ்வொருவராக எழும்பி எங்கள் சுவரைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். அம்மாவும் வைத்தார், இருமிக்கொண்டு.

"அன்ரி, அது நிலத்துக்குக் கீழை கிடக்கிற பழைய ஏரித் தண்ணி" என்றேன்.

"ஏரியோ? இஞ்சையோ? பாருங்கோ, இவள் படிச்சுப் படிச்சு வீட்டுக்குள்ளை ஏரி காணுறாள்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு படத்தை அசைக்கவோ சுவரில் கை வைக்கவோ அவர் விடவில்லை. படத்துக்கு நேரே கீழே தன் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாரிகாலம் முடியமுன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருத்துவர் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அறையைப் பற்றி என்னிடம் கேட்டார். பூஞ்சணம் உண்டா, சன்னல் உண்டா என்று. பிறகு சொன்னார்: நுரையீரலில் கெட்டது கெட்டதுதான், அது திரும்பாது; மிச்சத்தைக் காப்பாற்றவேண்டும் என்றால் இவர் அந்த அறைக்குத் திரும்பக்கூடாது. மொழிபெயர்க்க வேண்டியவள் நான். ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னேன்.

அம்மா ஒட்சிசன் முகமூடியைத் தூக்கினார். "மாதா இருக்கிற அறையாலை வருத்தம் வருமோ?" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் இருந்தார்.

"நான் பூசினதாலையோ?"

அந்தப் பதில் எத்தனையோ நாளாக என் வாயில் ஆயத்தமாக இருந்தது. "முந்தியும் ஈரம் இருந்தது. பூசினதாலை கூடிப்போச்சு, அப்பா" என்றேன். நான் சொன்னது சரி. சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

இறங்கி நடக்கும்போது அப்பா கேட்டார். "சீமெந்தை உடைச்சால் ஈரம் நிக்குமோ?"

"நிக்காது. கீழையிருந்து வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் சுவர் காயும். சுண்ணாம்பு பூசலாம். அம்மா முன்னறையிலை படுக்கட்டும்."

"கொம்மா கேட்டால்?"

"நான்தான் உடைச்சனான் எண்டு நானே சொல்லுறன்."

"மாதாவை நீயே எடு" என்றார். "நான் தொடமாட்டன்."

இன்று காலை அவர் வேலைக்குப் போனபின் படத்தைக் கழற்றினேன். பின்பலகை கறுத்து, பிடித்த இடத்தில் பிய்ந்து வந்தது. துடைத்து, அம்மாவின் சால்வையில் சுற்றி, முன்னறையில் என் கட்டிலில் வைத்தேன். பிறகு சீமெந்தின் மேல் விளிம்பில் உளியை வைத்து அடித்தேன். முதல் பாளம் விழுந்துவிட்டது. பின்னால் கல் நனைந்திருக்கிறது. அதில் சிப்பிகள் தெரிகின்றன.