செங்கல்லும் செங் கல்லும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் தங்கையான என் தலையில் கட்டிவிட்டார்கள். குருபோங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, கண் சொருகச் சொருகத்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவும் வாழ்நாள் முழுக்க இப்படிக் களைப்போடுதான் எல்லாவற்றையும் செய்தார்.

அக்கா ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனார். என்னைப் படிக்க வைத்தார். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது நாங்கள் மலாக்கா பட்டணத்துக்கு வந்தோம். அக்கா பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே வேலையாட்களை ஏற்றி வந்த பஸ்ஸின் ஓட்டுநர்தான் எங்கள் அத்தான். அவர்களுக்குப் பிள்ளை வரம் கிடைக்கவில்லை. அதை அக்கா யாரிடமும் சொல்லி அழுததில்லை; என் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டே ஆற்றிக்கொண்டார்.

"உன் அக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லைன்னு எழுது" என்றார் எங்கள் சித்தி. அது உண்மையல்ல. அக்கா உட்காருவார். உட்கார்ந்த இடத்திலேயே, கையில் உரித்த வெங்காயத்தோடு தூங்கியும் போவார்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு இடது காலை இழுத்து இழுத்துத்தான் அவரால் நடக்க முடிந்தது. வீட்டின் பின்புறம், வேலி ஓரத்தில், அவர் கட்டிய முனியாண்டி சாமி மேடை இருக்கிறது. பஸ் ஓட்டிய காலம் முழுக்க அங்கே விளக்கு வைக்காமல் அவர் சாவியைத் தொட்டதில்லை. ஒரு மழை நாளில் அங்குள்ள களிமண்ணில் வழுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு அக்கா கையைப் பிடித்து அழைத்துப் போக வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

"சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு, போகாமலே இருக்கலாம்லா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சையும் குறைத்தார். தாமாக நடந்து போய் விளக்கு வைக்காவிட்டால் இந்த மனுஷர் தங்கமாட்டார் என்று அக்கா பயந்தார். அந்தப் பயத்தில்தான் வீட்டிலிருந்து சாமி மேடை வரை பாதை போடக் கிளம்பினார்.

தெரிந்த லோரிக்கார அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டு, பாதைக்குச் செங்கல் கொண்டுவந்து போடச் சொன்னார். அவர் அப்போது செங்கில் ஒரு பழைய மதிலை இடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வாசலில் வந்து இறங்கியதெல்லாம் மேடும் பள்ளமுமான கருங்கல்.

"என்னண்ணே இது? செங்கல்லுதானே கேட்டேன்?"

"செங் கல்லுதான்மா! செங்குலேருந்துதானே ஏத்திட்டு வரேன்!"

மலாக்காவைத் தவிர வேறெங்கும் இந்தக் கூத்து நடக்காது. இறக்கியதைத் திரும்ப ஏற்ற ஆளில்லை. மனம் கேட்காமல் அந்த அண்ணன் எங்கெங்கோ மிச்சம் கிடந்த செங்கல்லைத் தேடிக் கொண்டுவந்தார். அது பாதி அகலத்துக்குத்தான் காணும். உள்ளே படுத்திருந்த அத்தான் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அக்கா யோசித்தார். இழுக்கிற காலுக்குச் சமதளம் வேண்டும். ஊன்றுகிற காலுக்கும் கைத்தடிக்கும் கல்லே போதும். ஆகவே நெடுக இடப்பக்கம் செங்கல், வலப்பக்கம் கருங்கல் என்று முடிவு செய்தார். வேலை முடிந்து வந்து, நூல் கட்டி, மண்ணை வெட்டி, மணல் பரப்பி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தார். முகமெல்லாம் வியர்வையும் மண்ணும்.

"ஆள் வச்சுப் போடலாம்லக்கா?" என்றேன்.

"வர்றவனுக்கு அவர் கால் தெரியுமாடி?"

அத்தானின் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே இடது காலை இழுத்துக்கொண்டு சாமி மேடை வரை நடந்து பார்ப்பார். எங்காவது கால் தட்டினால் அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிப்பார். திரும்பும்போது மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு எப்போதும் போல விறுவிறுவென்று வந்துவிடுவார். அங்கேதான் தவறு நேர்ந்தது.

பாதை முடிந்த அன்று அத்தான் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போய் விளக்கு வைத்தார். நான் அழுதுவிட்டேன். பிறகு வீட்டைப் பார்க்கத் திரும்பினார். திரும்பியதும் இடது கால் கருங்கல் பக்கம் வந்துவிட்டது. ஓர் அடி வைத்தார், கால் தட்டியது, நின்றுவிட்டார்.

"ஏம்மா, போறதுக்கு ரோடு போட்டே. வர்றதுக்கு? ரிவர்ஸ்லயா வரச் சொல்றே?"

அக்கா தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"போறப்ப நீங்களா போங்க. வர்றப்ப நான் கூட்டியாறேன்."

ஏனோ அந்தக் கையை அத்தான் தட்டிவிடவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. பெயர்த்து மாற்றிப் போடுகிறேன் என்று அக்கா சொல்லிக்கொண்டேதான் இருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. வயிற்று வலியை மாத்திரையிலேயே ஓட்டினார். மருத்துவமனைக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. படுக்கையில் கிடந்தும், விளக்கு வைக்கும் நேரமானால், "அவரைக் கூட்டியாந்தாச்சா?" என்று கேட்பார். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், சாவு வீட்டுக்குக் கூடாரமும் நாற்காலியும் கொண்டுவந்து இறக்கிய அதே லோரிக்கார அண்ணனுக்கும், என் ஷிப்ட்டைத் தாங்கள் ஏற்றுக்கொண்ட தோழிகளுக்கும், நான் வேலையில் இருக்கும் மாலைகளில் வேலியைத் தாண்டி வந்து அத்தானை வீட்டுக்குள் அழைத்துவரும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம் என் வீட்டுக்காரர் கருங்கல்லைப் பெயர்த்துவிட்டு முழுக்கச் செங்கல் போட மண்வெட்டியோடு வந்தார். அத்தான் குறுக்கே கைத்தடியை நீட்டினார்.

"வேணாம் தம்பி. அவதான் கூட்டியாறேன்னு சொல்லியிருக்கால்ல."

என் வீட்டுக்காரர் மண்வெட்டியை வேலியில் சாய்த்து வைத்துவிட்டார். இன்றும் அத்தான் தாமாகவே நடந்து போகிறார். விளக்கு வைத்துவிட்டு, திரும்பாமல் அங்கேயே நிற்கிறார். எனக்கும் களைப்புதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடிக்கிறேன். யாருடைய கை என்று அவர் பார்ப்பதில்லை.