அமிர்தி வழியாக ஆபாவைக் கட்டிலில் இறக்கிய பயணம்

ஜவ்வாது மலைக்கு எந்த மாதம் போகலாம், எந்தப் பக்கமாக ஏறலாம் என்று இந்த வலைப்பூவைப் படிப்பவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். பதில் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள். நேரம் இருப்பவர்களுக்கு, அறுபதுகளின் நடுவில் நான் போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன். இதில் ஏறிய கதையைவிட இறங்கிய கதைதான் அதிகம்.

எங்களுக்கு வாணியம்பாடி. தோல் பதனிட அப்போது கடுக்காய் மூட்டை மூட்டையாகத் தேவைப்படும். நோன்புப் பெருநாள் முடிந்ததும் நான் மலைக்குப் போய்த் தங்கி, கடுக்காய் வாங்கி அனுப்புவது வழக்கம். அந்த வருடம் என் மனைவி மைமூனும் வந்தாள். அவளோடு என் அக்கா ரசியாவும் கிளம்பிவிட்டார். அக்காவை நாங்கள் ஆபா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது, நல்ல உடம்பு, ஊரே கேட்கும்படி சிரிப்பவர். அவர் கணவர் தோல் வியாபாரமாகக் கல்கத்தாவில் இருந்தார். பிள்ளைகளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, "ஒரு தரமாவது அந்த மலைய பாத்துட்டு வர்றேன்" என்றார்.

ஆபாவுக்கு இரண்டு வருடமாக வயிற்றுவலி உண்டு. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை இழுக்கும். விருந்து சாப்பிட்ட இரவுகளில்தான் வரும். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடிப்பார், விட்டுவிடும். மலைக்குக் கிளம்பிய வாரத்திலும் அந்த வலி இருந்திருக்கிறது. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று எங்களிடம் மறைத்துவிட்டார்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வரை பஸ். அங்கிருந்து கடுக்காய் ஏற்ற வரும் லாரியில் காவலூர். இன்று காவலூர் என்றால் எல்லோரும் வானாய்வு நிலையத்தைச் சொல்கிறார்கள். அப்போது அது கிடையாது, கேழ்வரகுக் கொல்லைகளும் காடும்தான். அதற்கு மேல் மாட்டுவண்டி. நம்மியம்பட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஆண்டி என்கிற மலைவாசியின் வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கொட்டகை உண்டு. வழியெல்லாம் ஆபா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தார். பலாவின் அடிமரத்தில் காய்த்திருந்த பிஞ்சுகளைத் தொட்டுப் பார்த்தார்.

நான்காம் நாள் ஆட்டுக்கறி சமைத்தோம். மறுநாள் விடியும்போது ஆபா சுருண்டு கிடந்தார். வாந்தி நிற்கவில்லை. வெயில் ஏறியபோது குளிர் எடுத்தது. சாதாரண நடுக்கம் இல்லை, பல் கிட்டி, கயிற்றுக் கட்டில் கடகடவென்று ஆடியது. இரண்டு கம்பளி போர்த்தி மைமூன் மேலே படுத்து அழுத்திக்கொண்டாள். நடுக்கம் நின்றதும் உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

மலைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். அதற்காகக் கையில் எப்போதும் கொயினா மாத்திரை வைத்திருப்பேன். கொடுத்தேன், கக்கிவிட்டார். அடுத்த நாள் காலை முகம் கழுவிவிட்ட மைமூன் என்னைக் கொட்டகைக்கு வெளியே கூப்பிட்டாள்.

"கண்ண பாத்தீங்களா? மஞ்சளா கீது. மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போவுது."

செய்தி பரவி ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். காமாலைதான், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் கையில் சூடு போட்டால் இறங்கும் என்று இரும்புக் கம்பியைக் காய்ச்சவே போய்விட்டார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்போது ஆபா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பஷீரு, இது காமாலையும் இல்ல, மலைக் காய்ச்சலும் இல்ல. என் பழைய வலிதான் இது. உள்ள இன்னாவோ அடைச்சிக்கினு கீது. என்னை வேலூருக்குத் தூக்கிட்டுப் போய்டு."

வந்த வழியில் திரும்பினால் வண்டி கிடைக்க இரண்டு நாளாகும். கிழக்கே அமிர்திப் பக்கம் இறங்கினால் ஏறக்குறைய பத்து மைல் காட்டுப்பாதை. அமிர்தியில் வனத்துறை வேலைக்கு வரும் லாரி கிடைக்கும். அங்கிருந்து வேலூர் பதினைந்து மைல் சொச்சம். ஆண்டி உடனே ஆள் திரட்டினார். கட்டிலின் இருபுறமும் மூங்கில் கட்டி நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றிக்கொள்ள உடன் வந்தார்கள்.

கிளம்பும் முன் ஆண்டி என்னைத் தனியாக அழைத்தார். "பாய், மனசுல வச்சிக்கோங்க. போற வழியில அந்த அம்மாவுக்கு இன்னாச்சும் ஆய்ட்டா, பொணத்த ஊர் எல்லையத் தாண்டி தூக்கிட்டுப் போக அந்தந்த ஊர்க்காரங்க வுடமாட்டாங்க. அங்கியேதான் எறக்கி அடக்கம் பண்ணணும்."

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நான் பார்த்தது ஆபாவின் மார்பு ஏறி இறங்குவதை மட்டும்தான். காடு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இறக்கத்தில் கட்டில் சாயும்போதெல்லாம் அவர் முனகினார். அந்த முனகல் கேட்கும்வரை எனக்குத் தைரியம் இருந்தது. பாதி வழியில் பேச்சு குழறியது. செத்துப்போன எங்கள் வாப்பாவைக் கூப்பிட்டு, கதவைத் திறக்கச் சொன்னார். பிறகு அதுவும் நின்றுவிட்டது. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

வழியில் ஒரு ஊரின் எல்லையில் ஏழெட்டுப் பேர் வந்து மறித்தார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"உசுரு கீதா?" என்றார் ஆண்டியிடம்.

"கீது."

"கண்ணத் தொறக்கச் சொல்லு."

நான் குனிந்து ஆபா, ஆபா என்று கூப்பிட்டேன். அசைவில்லை. மைமூன் அவர் கன்னத்தைத் தட்டினாள். அதற்கும் ஒன்றுமில்லை. கட்டிலைக் கீழே வைக்கச் சொல்லப் பெரியவர் கை தூக்கிவிட்டார். மைமூன் தன் முந்தானையை ஓடையில் நனைத்து வந்து ஆபாவின் உதட்டில் பிழிந்தாள். இமை மெல்லப் பிரிந்தது. அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"தண்ணி" என்றார் ஆபா.

பெரியவர் வழிவிட்டார். தன் ஆட்களில் இரண்டு பேரைத் தூக்கவும் அனுப்பினார்.

பிற்பகலில் அமிர்தி வந்தது. மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் ஆபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் முன் இருக்கையைக் காலி செய்தார். காட்டுச்சாலை முடியும்வரை பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பிறகு, "வேகமாப் போனா குலுங்கும், மெதுவாப் போனா நேரமாவும். எது வேணும் சொல்லுங்க" என்றார். நான் ஆபாவின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைமூன்தான், "வேகமாவே போங்கண்ணா" என்றாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஆபாவின் விலாவுக்குக் கீழே விரல் வைத்தார். மயக்கத்திலும் ஆபா துள்ளினார். பெரிய சர்ஜன் வந்து பார்த்த பிறகு, அந்தப் பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். பித்தப்பையில் கல் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயில் சிக்கியிருக்கிறது. பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் தேங்கி, கிருமி சேர்ந்து சீழ் பிடித்துவிட்டது. அந்த விஷம்தான் ரத்தத்தில் கலந்து குளிர் காய்ச்சலாக வருகிறது.

"குழாயைத் திறந்து கல்லை எடுக்கணும். மருந்து மட்டும் போதாது."

"அப்போ இப்பவே எடுத்துடுங்க" என்றேன்.

அவர் ஆபாவின் கையைக் காட்டினார். ஊசி போட்ட இடத்தில் வைத்த பஞ்சு சிவந்திருந்தது. மாற்றி வைத்த பஞ்சும் சிவந்துகொண்டிருந்தது. பித்தம் குடலுக்குப் போகாததால் ரத்தம் உறைவதில்லை என்றார். இப்போது கத்தி வைத்தால் ரத்தப்போக்கை நிறுத்த முடியாது. உறைய வைக்கும் ஊசி போட்டிருக்கிறது, அது வேலை செய்ய நேரம் வேண்டும். சீழுக்கோ நேரம் கொடுக்க முடியாது.

மலைப்பாதையில்கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அங்கே நடந்துகொண்டாவது இருந்தோம். இங்கே செய்ய ஒன்றுமே இல்லை. நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் ஒவ்வொரு முறையும் டாக்டரைத் தேடிப் போனார். மறுபடி குளிர் வந்து இரும்புக் கட்டில் ஆடியபோது நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டேன். கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்தாயிற்று. மச்சான் ரயிலில் வந்து சேர நாளாகும்.

மறுநாள் காலை சர்ஜன் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. "முழுசா நம்ப முடியாது. ஆனா இனிமே காத்திருந்தா பிழைக்கமாட்டாங்க" என்றார். மச்சான் இல்லாததால் சம்மதம் என்னிடம் கேட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஆபா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அவன இன்னா கேக்கறீங்க? வவுறு என்னுது. அறுங்க."

மதியம் தாண்டித்தான் கதவு திறந்தது. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். குழாயில் சிக்கியிருந்த கல் பட்டாணி அளவுதான். குழாயைத் திறந்ததும் சீழ் பீறிட்டதாகப் பெண் டாக்டர் சொன்னார். ஆபாவின் விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து, கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் இறங்கியது. முதல் நாள் அதில் சேறு போல வடிந்தது. நாள் போகப் போகக் கலங்கல் குறைந்து, தெளிந்த தேன் நிறமானது. கண்ணின் மஞ்சளும் மெல்ல வடிந்தது.

அத்தோடு முடியவில்லை. உள்வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க அந்த ரப்பர் குழாயைக் கட்டி மூடினார்கள். சற்று நேரத்தில் அதே இடத்தில் வலி. இன்னொரு கல் இருந்தால் மறுபடி அறுக்க வேண்டும் என்றார்கள். அதுவரை அழாத ஆபா அன்றுதான் அழுதார். குழாயைத் திறந்துவிட்டு, சில நாள் பொறுத்து, அதன் வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கல் இல்லை. வீக்கம்தான் வழியை அடைத்திருந்தது. அடுத்த முறை மூடியபோது வலி வரவில்லை. குழாயை உருவி எடுத்த அன்று மச்சான் பக்கத்தில் நின்றார், நான் வெளியே போய்விட்டேன்.

ஆபா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். ஆண்டியும் தூக்கியவர்களும் வாணியம்பாடிக்கு வந்து பெருநாள் விருந்து சாப்பிட்டுப் போனார்கள்.

இனி கேட்டவர்களுக்கு. மழை முடிந்த பிறகு மார்கழி, தை மாதங்கள் நல்லது. ஆலங்காயம், போளூர், அமிர்தி, எந்தப் பக்கமும் இப்போது சாலை இருக்கிறது. கம்பளி கொண்டுபோங்கள். கூட வருபவர்களிடம் உடம்புக்கு என்ன தொந்தரவு என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், இந்த மூன்றும் சேர்ந்தால் அரைத்துக் கொடுப்பதற்கும் சூடு போடுவதற்கும் நிற்காமல் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

போன வருடம் ஆபாவின் மகளுக்கும் பித்தப்பையில் கல். "மாமு, நாலு சின்ன ஓட்டைதான், ரெண்டு நாள்ல வூட்டுக்கு வந்துடுவேன்" என்று என்னைத் தேற்றிவிட்டு உள்ளே போனாள். சொன்னபடியே வந்தும் விட்டாள். அவள் வெளியே வரும்வரை, எண்பது வயதைத் தாண்டிய நான் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன். மைமூன் என் கையை விடவே இல்லை.