ஓவர்டிரைவ் குமிழ்

அக்கா வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கிறது. அக்காவின் கணவர், என் மாமா, ஓட்டிய பிக்கப் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது அது. வண்டியை ஏரியிலிருந்து இழுத்துப் போட்ட அன்று அக்காவே கழற்றி எடுத்து வந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் பெட்ரோல் விலை எகிறிக்கொண்டிருந்தது. உப்பேரிக் கரையிலிருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்திலிருந்து மெட்ராசுக்கு இறால் ஏற்றிப்போன அந்தக் கிழட்டு வெளிநாட்டு வண்டியோ பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. ஓட்டுகிற மாமாவுக்கும் ஐஸ் போடுகிற எனக்கும் அதுதான் பிழைப்பு. மெட்ராஸ் மெக்கானிக் ஒருவரிடம் சொல்லி, பழைய கார் ஒன்றின் ஓவர்டிரைவை, பெட்ரோலை மிச்சமாக்கும் கூடுதல் கியரை, மாமா மாட்டிக்கொண்டு வந்தார். குமிழை உள்ளே தள்ளினால், வேகத்தில் எஞ்சின் நிதானமாகச் சுற்றும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்கள் எஞ்சினை விட்டுவிட்டுத் தாமே உருளும். நிறுத்தும்போது குமிழை வெளியே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பெட்ரோல் மிச்சமானது உண்மை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மச்சான், பூனை மாரி போவுது!" என்பார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவேயில்லை. அக்காவும் முதல் நாளே, "சத்தமில்லாம வர்றது இன்னாய்யா வண்டி? எனக்கு பயமா கீது" என்றாள். மாமா சிரித்தார்.

எங்கள் கரையில் உப்புக் காற்றுக்குப் பேட்டரி தாங்காது, கைபிரேக் கம்பியும் துருப்பிடித்து அறுந்துவிடும். அதனால் எல்லோரும் வண்டியை ஏரியைப் பார்த்துச் சரிவில் நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு இறங்குவார்கள். கிளப்பும்போது உருட்டிவிட்டால் போதும். மாமாவின் கை காலமெல்லாம் அதற்கே பழகியது. அன்று காலையும் கியரைப் போட்டார், இறங்கினார். குமிழ் உள்ளேயே இருந்தது.

ஐஸ் பெட்டியை ஏற்றினோம். அந்தக் கனத்தில் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. கீழே தண்ணீரோரம் அக்கா முதுகைக் காட்டிக் குனிந்து கூடை கழுவிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன், எதிர்க்காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா ஓடினார். வண்டியை முந்திப்போய் அக்காவை ஓரமாகத் தள்ளிவிட்டார். தான் விலக அவருக்கு நேரமில்லை.

இப்போது என்னிடம் டீசல் வேன் இருக்கிறது, ஐந்தாவது கியரோடு. கைபிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் அக்கா வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியில் கை வைத்தால், அலமாரியண்டையிருந்து அவள் குரல் வரும்.

"ஆஃப் பண்ணாதடா. எண்ணெ போனா போவுது, ஓடட்டும். அது எங்க கீதுனு எனக்குக் கேக்கணும்."