பச்சை டின்னின் அடிப்பக்கம்

ராஜலக்ஷ்மி ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் எண்ணெய்ச் சோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். 1996-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஜோகுபாளையத்து வீட்டில் உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் மைசூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பகல் நகரவே இல்லை. அதனால் அல்சூரில் ஒரு மாடியில் இரண்டு அறைகளில் இயங்கிய நுகர்வோர் சங்கத்துக்குப் போய், வரும் புகார்களுக்குப் பதில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்.

சங்கத்தின் செயலாளர் சுந்தரராமன், மாநில அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலிண்டர் எடை, பால் பாக்கெட், பேருந்துக் கட்டணம் என்று வந்த புகார்களை வைத்து, மாதம் நான்கு பக்கத்தில் ஓர் இதழை மூன்று மொழியில் அச்சடித்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு பேருக்குப் போகும்.

1997 ஆகஸ்டில் மர்பி டவுனிலிருந்து அய்யாவு என்பவர் அங்கே வந்தார். சொந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். பழைய மெட்ராஸ் ரோட்டில், பதினாறு பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது, வண்டியின் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி எப்படியோ ஒதுங்கிப் போனது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று மாலையே எட்டு வீட்டில் இனி உங்கள் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆயில் மாத்தி இருபது நாள்தான் மேடம் ஆச்சு. கடைக்காரன், உன் வண்டி பழசு, அதான்றான். நான் சீல் பிரிக்காத டின்னுதான் வாங்கினேன். மிச்சம் இருக்குது, சொல்ப பாருங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, ஒரு பச்சை டின்னை மேஜைமேல் வைத்தார்.

ராஜலக்ஷ்மி ஒரு சொட்டை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். "இதை வெச்சுட்டுப் போங்க" என்றார்.

தெரிந்த ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. கண்ணாடிக் குழாய்களை அவரே வாங்கிக்கொண்டு வந்தார். நூறு டிகிரி சூட்டில் எண்ணெய் அந்தக் குழாயின் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தால், அதன் பிசுபிசுப்பு தெரிந்துவிடும். அந்த வகை எண்ணெய்க்கு அளவு பன்னிரண்டரைக்குக் கீழே போகக் கூடாது. அய்யாவுவின் டின்னில் ஏழு இருந்தது. சூடேறினால் தண்ணீர்போல ஓடி, இரும்போடு இரும்பு உரச விட்டுவிடும் எண்ணெய் அது. இருநூறு டிகிரிக்கு மேல்தான் அதன் ஆவி தீப்பிடிக்க வேண்டும்; நூற்று ஐம்பதிலேயே பிடித்தது. டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தது.

"ஒரு டின்னோட விடக் கூடாது சார். கடையில விக்கிறதெல்லாம் வாங்கிப் பாக்கலாம்" என்றார் ராஜலக்ஷ்மி.

பத்து கம்பெனிகளின் எண்ணெயை வாங்கினார்கள். கம்பெனிக்கு ஒரே ஒரு டின். எல்லாமே அய்யாவு வாங்கிய கடையிலும் அதற்கு அடுத்த கடையிலும் வாங்கியவை. தொழிற்சாலையில் ஒரே டேங்கரிலிருந்தே மேல், நடு, அடி என்று மூன்று மாதிரி எடுத்துப் பழகியவர், இங்கே ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அவசரம் ஒரு காரணம். முதன்முதலாகத் தன் வேலை வெளியே யாருக்கோ உதவப் போகிறது என்ற சந்தோஷமும் ஒரு காரணம் என்று பின்னால் அவரே சொல்வார்.

1998 ஜனவரி இதழில் பட்டியல் வந்தது. நான்கு எண்ணெய்கள் தேறவில்லை. அதில் மிக மோசமானது பச்சை டின். ஒரு கன்னட நாளிதழ் அந்தப் பட்டியலை எடுத்து அப்படியே போட்டது. இதழைக் கேட்டு மெக்கானிக்குகள் மாடிப்படியில் நின்றார்கள். மூன்று கம்பெனிகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பச்சை டின் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வரவில்லை. அதன் முதலாளியே வந்தார்.

அவர் பெயர் உத்தமன். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து பீன்யாவில் இருபத்தைந்து ஆட்களை வைத்து எண்ணெய் தயாரிப்பவர். சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு சிறு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"நீங்க போட்ட பேட்ச் நம்பர்ல நாங்க எடுத்து வெச்ச சாம்பிள் மேடம். இதையும் பாருங்க. தப்புன்னா நானே ஃபாக்டரிய மூடிடறேன்."

"நீங்க கொண்டு வந்ததை நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம். கடையில போய் நீங்களே வாங்குங்க. எந்தக் கடைன்னு என்கிட்டகூடச் சொல்லாதீங்க."

அந்தப் பதில் ராஜலக்ஷ்மியை உறுத்தியது. மறுவாரம் யஷ்வந்தபுரம், ஜெயநகர், சிவாஜிநகர் என்று பஸ் பிடித்துப் போய் ஐந்து பச்சை டின் வாங்கினார். ஆறாவதை அய்யாவு வாங்கிய கடையிலேயே வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சோதித்தார். ஐந்தும் நன்றாக இருந்தன. பதினான்குக்கு மேல். ஆறாவதில் ஏழுதான்.

ஆறு டின்களையும் காலி செய்து மேஜையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். ஆறாவதின் அடிப்பக்கம், ஓரத்தில், மிளகு அளவுக்கு ஈயப்பற்று இருந்தது. மேலே பச்சைப் பெயின்ட் தொட்டு வைத்திருந்தார்கள். அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த, அய்யாவு கொண்டு வந்த டின்னை எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில் அதே பற்று. மூடியையும் சீலையும் தொடாமல், அடியில் ஓட்டை போட்டு நல்ல எண்ணெயை வடித்து, கழிவு எண்ணெயை ஏற்றி அடைத்திருக்கிறார்கள். டின்னுக்குள் இருந்ததைப் பற்றி அவர் எழுதியது சரி. அதைச் செய்தது யார் என்பதுதான் தப்பு.

மறுநாள் சுந்தரராமனிடம் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போலீஸ்ல சொல்லலாம். உத்தமனுக்குத் தனியா ஒரு லெட்டர் எழுதலாம். ஆனா இதழ்ல தப்புன்னு போட்டா, மத்த மூணு பேரும் அதையே கோர்ட்டுக்கு எடுத்துண்டு போவா. உங்க டெஸ்ட் எல்லாமே தப்புன்னு சொல்லுவா."

"அவங்களோடதையும் ஒரே டின்தான் சார் பாத்தேன். அதையும் திரும்பப் பாக்கணும்."

"சங்கமே போயிடும்மா."

"முதல் பக்கத்துல போட்டோம். அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல இதையும் போடணும். இல்லன்னா இனிமே என் பேர்ல எதுவும் போட வேண்டாம்."

மார்ச் இதழில் வந்தது. தவறு தன்னுடையது, மாதிரி எடுத்த முறை போதாது என்று ராஜலக்ஷ்மி கையெழுத்தோடு எழுதியிருந்தார். மற்ற மூன்றையும் வெவ்வேறு கடைகளில் வாங்கிச் சோதித்ததில் இரண்டு மறுபடியும் தேறவில்லை, மூன்றாவது தேறியது. அதையும் சேர்த்தே எழுதினார்.

சுந்தரராமன் பயந்தது பாதி நடந்தது. தேறாத இரண்டு கம்பெனிகளும் இதழைக் காட்டி, இவர்களுக்குச் சோதிக்கவே தெரியாது என்றார்கள். கல்லூரி முதல்வர், வேதியியல் கூடத்தில் வேறு வேலை இருக்கிறது என்று கடிதம் அனுப்பினார். நூறு பேருக்கு மேல் இதழை நிறுத்தினார்கள். முதலில் பட்டியலைப் போட்ட நாளிதழ், திருத்தத்தைப் போடவே இல்லை. ஆனால் அடியில் பற்று வைத்த அந்த இரண்டு பச்சை டின்களை வைத்துப் புகார் பதிவானது. பழைய மெட்ராஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் போலீசார் நானூறு டின்களைப் பிடித்தார்கள். ஏழு கம்பெனிகளின் பெயர் அவற்றில் இருந்தது.

உத்தமன் திரும்ப வந்தார். "டீலருங்க பாதிப் பேர் என் ஆயில எடுக்கறதில்ல மேடம். ஃபாக்டரியில ஆறு ஆள வேலைய விட்டு நிறுத்திட்டேன். என் ஃபாக்டரிக்கு வந்து பாத்து, ஒரு சர்டிபிகேட் குடுங்க. டின்மேலயே உங்க பேரப் போட்டுக்கறேன்."

"என்னால முடியாது சார்."

"தப்பு உங்களோடதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா. ஆனா உங்களுக்கு சர்டிபிகேட் குடுத்தா நான் உங்க ஆளாயிடுவேன். நாளைக்கு உங்க ஆயில் நிஜமாவே கெட்டுப் போனா யார் சொல்றது?"

உத்தமன் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. ராஜலக்ஷ்மியால் அன்று வேறு வேலை பார்க்க முடியவில்லை.

அடுத்த நான்கு மாதம், பச்சை டின்னை நிறுத்திய கடைகளுக்கு அவரே போனார். முப்பத்தொரு கடை. மார்ச் இதழைக் கொடுத்து, "ஜனவரியில எழுதினது நான்தான். அது தப்பு. இதைப் படிங்க" என்று கன்னடத்திலோ தமிழிலோ சொல்வார். எண்ணெயை வாங்குங்கள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சிலர் நாற்காலி போட்டார்கள். ஒருவர் இதழில் வடையை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார். பதினான்கு கடைகள் மறுபடி எடுத்தன.

அய்யாவுவின் வழக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் மூன்று வருடம் நடந்தது. ராஜலக்ஷ்மி இரண்டு முறை சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் மார்ச் இதழை நீட்டி, தவறு செய்ததை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொள்கிறேன், அதைக் கண்டுபிடித்ததும் நான்தான் என்றார். கடைக்காரர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2001-இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் அய்யாவு வேனை விற்றுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு, "இனிமே நான் பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாதில்ல மேடம்" என்றார். அவருக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

சங்கம் பிழைத்தது. ஒரு தனியார் சோதனைக் கூடம் குறைந்த கட்டணத்தில் இடம் கொடுத்தது. கம்பெனிக்கு ஐந்து டின், ஐந்து பேட்டையில், ஐந்து பேர் கையால் வாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். முடிவை அச்சடிக்கும் முன் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்டார்கள்.

2003-இல் ஒரு பிற்பகலில் உத்தமன் போன் செய்தார். பீன்யா ஃபாக்டரியை விற்றுவிட்டதாகச் சொன்னார். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட முடியவில்லை என்றார்.

"உங்களால இல்ல மேடம். அத சொல்லத்தான் போன் பண்ணேன்."

"அது எனக்குத் தெரியாது சார்" என்றார் ராஜலக்ஷ்மி.

"எனக்கும் முழுசாத் தெரியாது" என்றார் உத்தமன்.

பிறகு ராஜலக்ஷ்மி, உத்தமனின் மகனைப் பற்றிக் கேட்டார். அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருப்பதாக உத்தமன் சொன்னார். போனை வைத்த பிறகும் ராஜலக்ஷ்மி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மாலையில் சுந்தரராமனிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ராஜலக்ஷ்மி அந்த மாதத்து மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்ட உட்கார்ந்தார்.