மூக்கு வேலை

அம்சத்தின் மூக்கில் வாசனை நின்றுபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது தெரிந்தவள் மகள் மலர்க்கொடி ஒருத்திதான்.

முத்துப்பேட்டைக் காயலில் வாரிவரும் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்பாக்குகிற வேலை அம்சத்துக்கு. தண்ணீர் பட்டதும் கிளிஞ்சல் சீறிக்கொண்டு வெடிக்கும். வெள்ளை ஆவி முகத்தில் அறையும். அந்த ஆவி முதலில் மூக்கைத் தின்றது. கெட்டுப்போன மடவை மீனைத் தெரியாமல் குழம்பு வைத்து, மாமியாரிடம் விறகுக்கட்டையால் வாங்கினாள். மூக்கு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்து வாங்கியிருப்பாள். மலர்க்கொடிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மீனை அவள்தான் முகர்ந்து சொல்வாள்.

பிறகு ஆவி கண்ணுக்கு வந்தது. தஞ்சாவூரில் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷம் அங்க நின்னீங்கன்னா இடது கண்ணு போயிடும். அப்புறம் வலதும்."

"வேற வேல தெரியாதுங்களே."

"அதெல்லாம் கண்ணுகிட்டச் சொல்ல முடியாதும்மா."

அந்த மாதம்தான் பூர்ணிமா சூளைக்கு வந்தாள். குடவாசல் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். லண்டனில் ஓவிய வரலாறு படித்தவள், தஞ்சாவூரில் ஒரு வீடு பிடித்து செண்ட் தயாரித்துக்கொண்டிருந்தாள். ஆணும் பூசலாம், பெண்ணும் பூசலாம். பெயர், ஈரச்சுதை. பெரிய கோயில் உள்சுற்றில் இருக்கும் சோழர் காலத்து ஓவியங்களைச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்தார்களாம். தூரிகை பட்ட நேரத்தில் அந்தச் சுவர் என்ன மணம் மணத்திருக்குமோ, அதைப் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும் என்று அலைந்தாள்.

ஆவிக்குப் பத்தடி தள்ளி நின்று கண்ணை மூடி இழுத்தவள், அம்சத்திடம் கேட்டாள்: "இந்த வாசனைய நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதுச் செவுத்துல கன்னத்த வச்சாப்ல இருக்கும்மா."

பூர்ணிமா அதைப் போனில் எழுதிக்கொண்டாள். மறுவாரமே தஞ்சாவூர் வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிட்டாள். ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து, நீட்டுகிற காகிதத்தை முகர்ந்து, எது அசல் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"மூக்கில்லாதவளுக்கு மூக்கு வேலையா?" என்றாள் மலர்க்கொடி. "மாட்டிக்கிட்டா என்னம்மா பண்ணுவே?"

"மாட்டுறவரைக்கும் கண்ணு இருக்குமில்ல?"

முதல் நாள் பூர்ணிமா ஐந்து காகிதங்களை நீட்டினாள். அம்சம் ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள்.

"ஐயோ, அது ஸ்பிரிட்! வாயில வைக்காதீங்க!"

"சுண்ணாம்ப நாக்குலதாம்மா பாக்கணும். வெத்தலைக்குப் போற சுண்ணாம்புல காரம் எம்புட்டுன்னு நாங்க அப்படித்தான் பாப்போம். மூக்கு ஏமாத்திப்புடும்."

அதில் பாதி உண்மை. சூளையில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். மீதியை அவள் பூர்ணிமாவின் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். தனக்குப் பிடித்த காகிதத்தை நீட்டும்போது பூர்ணிமாவின் புருவம் கொஞ்சம் ஏறும், மூச்சை இழுத்து வைத்துக்கொள்வாள். அம்சம் நாக்கில் வைத்துக்கொண்டே அந்தப் புருவத்தைப் பார்ப்பாள். "இதாம்மா" என்பாள். ஒரு நாளும் தப்பவில்லை. "என்னால கண்டுபிடிக்க முடியாதத அம்சம்மாவோட நாக்கு கண்டுபிடிச்சிடுது" என்று பூர்ணிமா வீடியோ எடுத்துப் போட்டாள். ஏழு மாதத்தில் அம்சத்தின் கண் சிவப்பு வடிந்தது. தையல் ஊசியில் அவளே நூல் கோத்தாள்.

பூர்ணிமாவின் அண்ணன் தமிழரசனுக்குத்தான் இது உறுத்தியது. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன், அறுப்பு முடிந்தால் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு நாள் மத்தியானம் கதவைத் திறந்தால் வீடு முழுக்க கேஸ் நாற்றம். அடுப்புத் திருகு சரியாக மூடவில்லை. அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து அம்சம் சாவகாசமாகப் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடிப்போய் சிலிண்டரை மூடி ஜன்னல்களைத் திறந்தான். அவளை ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் தங்கையிடம் சொன்னான்.

"உன் மூக்கம்மாவுக்கு மூக்கே கிடையாது, பூர்ணி."

"சும்மா இருண்ணா. ஜலதோஷமா இருந்திருக்கும்."

"ஏழு மாசமாவா?"

"நீ அந்தத் தெரு ஆளுங்க யாரயும் நம்ப மாட்டே. அது உன் வியாதி."

தமிழரசன் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

செண்ட் அறிமுக விழாவை வடவாற்றங்கரையில் ஒரு விடுதியில் வைத்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஒரு கூண்டு வண்டியும், நெற்றியில் பொட்டு வைத்த பசுவும் கன்றும் புல்தரையில் நின்றன. முன்வரிசையில் குடவாசல் உறவுகள். அம்சத்துக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து மேடையில் நாற்காலி போட்டிருந்தாள் பூர்ணிமா. மலர்க்கொடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பூர்ணிமா சுவரைப் பற்றி, ஈரத்தைப் பற்றி, ஆண் பெண் என்ற கோடு இல்லாத மணத்தைப் பற்றிப் பேசினாள். பேச்சு முடிவதற்குள் தமிழரசன் மேடையேறினான். கையில் ஒரு தட்டு, தட்டில் மூன்று காகிதங்கள்.

"எங்க அம்சம் எப்படிப் பாக்குதுன்னு நீங்களே பாருங்க. மூணுல ஒண்ணுதான் ஈரச்சுதை. எடுத்துச் சொல்லும்மா."

பூர்ணிமா திரும்பவில்லை. அவள் முகம் கேமராக்களுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்சத்துக்குத் தெரிந்ததெல்லாம் கொண்டையும் முதுகும்தான். புருவம் இல்லை.

முதல் காகிதம் நாக்கில் சுரீரென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் பழுப்பாக, நனைந்து கனமாக இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். அம்சம் அதைப் பார்த்தாள். சீமைச் செண்டு சிலருக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டாள். நாக்கில் வைத்தாள். எரியவில்லை. பதமாக நீர்த்த சுண்ணாம்பு இப்படித்தான், காரம் அடங்கி நாக்கில் குளிர்ச்சியாக உட்காரும். இன்னொரு தரம் நன்றாக அழுத்தி வைத்துப் பார்த்தாள்.

"இதாம்மா," என்றாள். "இதுதான் சரி."

யாரோ 'சீ' என்றார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது, முதலில் முன்வரிசையில். தமிழரசன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"அந்தா நிக்குது பாருங்க பசு. அது போட்ட சாணியக் கரைச்சு முக்கினது. நாலு வரிசைக்கு நாறுது. அம்மாவுக்கு அதுதான் சோழர் காலம்!"

குடவாசல் உறவில் பெரியவர் தியாகராசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்பல்லாம் எதுத்துப் பேசுற பண்ணையாளுக்குச் சொம்புல கரைச்சு வாயில ஊத்துவாங்க. இப்பப் பேப்பர்ல முக்கிக் குடுக்குறோம். நாகரிகம்டா!"

பெங்களூர்க்காரர்களுக்கு அது புரியவில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

ஸ்பீக்கர் அம்சத்தின் தலைக்கு மேல் இரைந்ததில் அவளுக்கு வார்த்தை பிடிபடவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள். பூர்ணிமா அப்போதுதான் திரும்பினாள். அம்சத்தின் உதட்டோரத்துப் பழுப்பைப் பார்த்தாள். ஒரு நொடி வாய் திறந்தது. பிறகு கேமராப் பக்கம் திரும்பி, "நம்ம மண்ணோட வாசனை எல்லாமே ஈரச்சுதையில இருக்குன்னு அம்சம்மா சொல்றாங்க" என்றாள். கைதட்டினார்கள்.

மலர்க்கொடி மேடையேறி வந்தாள். துப்பட்டாவால் அம்மாவின் வாயைத் துடைத்தாள். ஒரு தரம், இரண்டு தரம், தோல் சிவக்கும்வரை.

"என்னடி பண்றே? சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே. வா போவோம்."

மறுநாள் பூர்ணிமா போன் செய்தாள். "கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க அம்சம்மா. நானே கூப்பிடுறேன்." கூப்பிடவில்லை. ஈரச்சுதை நன்றாக விற்றது. அட்டைப்பெட்டியில் சுண்ணாம்பு பட்டு வெடித்த ஒரு கையும், நீட்டிய நாக்கும், அதன் மேல் வெள்ளைக் காகிதமும் அச்சடித்திருந்தார்கள்.

மலர்க்கொடி வேறு வேலை தேடினாள். ஜவுளிக்கடையில் பெருக்குகிற வேலைக்குக்கூட வயது கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அம்சம் சூளைக்குத் திரும்பினாள். முதல் நாளே, கிளிஞ்சல் கொட்டிக்கொண்டிருந்த ரெங்கம்மாள் போனில் வந்த வீடியோவைக் காட்டினாள்.

"சாணித் தண்ணிய நக்குனியாமே? ஒனக்கு நாத்தம்கூடவா தெரியல?"

அம்சம் வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். தான் சிரிக்கிற இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தண்ணிய எடு," என்றாள். "சூடு ஆறுது."

அடுத்த சித்திரையில் இடது கண் போயிற்று. வலது கண் இப்போது கலங்கத் தொடங்கியிருக்கிறது. மீனை மட்டுமில்லை, சோற்றில் கிடக்கும் கல்லையும் மலர்க்கொடிதான் பார்த்துச் சொல்கிறாள்.