குரங்கின் மேல் போட்ட பழி

என் தங்கைக்கு மாதத்தில் பாதி நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டால் தொண்டை வீங்கும். தொண்டை சரியானால் முழங்கை மடிப்பில் சொறி கிளம்பும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், அலோர் காஜா பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். சம்சுச் சாராயம் போடாத நாளில் அவரைப் போல ஓர் அப்பா கிடையாது. போட்ட நாளில் அம்மாவின் தலைமுடி அவர் கையில் இருக்கும். லோரிச் சத்தம் கேட்டதுமே தங்கை கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டோடு போவாள்.

கிளினிக் மருந்து எதற்கும் நோய் கேட்கவில்லை. டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் நோயாளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பார். மாரியம்மனைக் கும்பிடுகிற நாங்களும் அவரிடம்தான் போவோம். அப்பாதான் எங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

பெரியவர் தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தார். "பிள்ள பயந்திருக்கும்மா. எதப் பாத்து பயந்துச்சு?"

எவ்வளவு சரியாகக் கேட்டார் மனுஷன்! தங்கை அப்பாவின் மடியில் இருந்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "செம்பனக் காட்டுல ஒரு பெரிய கொரங்கு, பாய். மேல பாஞ்சிருச்சி" என்றாள்.

தண்ணீர் ஓதினார், கறுப்புக் கயிறு கட்டினார். அப்பா அந்தக் கதையை அப்படியே நம்பிவிட்டார். எனக்கு இன்றும் ஆத்திரம் அதுதான். மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கவணோடு குரங்கு விரட்டப் போனார். மகளுக்காக அவ்வளவு தூரம் போகிறவரிடம் அன்றைக்கு அம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடியையும் விரட்டியிருப்பாரோ என்னவோ. அம்மா இறந்துபோன பிறகும் அந்த நினைப்பு என்னை விடவில்லை.

இப்போது தங்கைக்கு மூட்டுவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே திரும்பி அவள் மூட்டுகளைத் தின்கிறது. போன மாதம் டாக்டர் கேட்டார்: "சின்ன வயசுல ரொம்ப நாள் பயத்துலயே இருந்தீங்களா? அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா அப்படி வளர்ற பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தி தடுமாறிப் போறது உண்டு."

குடியை விட்டு, தலை நரைத்து, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கை அவரை ஒரு முறை பார்த்தாள்.

"ஒரு கொரங்கப் பாத்து பயந்தேன், டாக்டர்."

"ஆமா டாக்டர்," என்றார் அப்பா. "நான்தான் வெரட்டி விட்டேன்."